வசவு நேரம்

சங்குமுனைக்கு முதன்முதலாக ஐந்து நட்சத்திரம் வாங்கிக் கொடுத்தது அந்த ஊர்க் கடலல்ல, மணலல்ல, மீன் குழம்பும் அல்ல. லூர்தம்மாளின் வாய்தான்.

அன்றைக்கு ஒரு வெளியூர்க்காரர், அரைக்கால்சட்டையும் வைக்கோல் தொப்பியுமாக வந்தவர், கரையில் கிடந்த இரண்டு அலுமினியத் தட்டுகளை எடுத்துக் காதுக்கு இருபுறமும் வைத்துக்கொண்டு, யானை மாதிரித் தலையாட்டிப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். அவை லூர்தம்மாள் பாசி எடுக்கக் கடலில் இறங்கும்போது காலில் கட்டிக்கொள்ளும் தட்டுகள். பாறையின் கூர் பாதத்தைக் கிழிக்காமல் காப்பதும், முங்கியவளை மேலே உதைத்துக் கொண்டுவருவதும் அவைதான். விரல்களில் பழைய துணியைச் சுற்றிக்கொண்டிருந்த லூர்தம்மாள், சுற்றுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"ஏலே பேத்தை மீனு. வயித்தை ஊதிக்கிட்டுக் கரையொதுங்குனியே, ஒதுங்குன எடத்துல சும்மா கெடக்க மாட்டியா? அது என் காலுலே. அதப் போயி காதுல வச்சிருக்க. என் காலு அழுக்கெல்லாம் ஒன் காதுக்குள்ள எறங்கி, இனிமே ஒருத்தர் பேசுறதும் ஒனக்குக் கேக்காமப் போகட்டும்."

அதோடு விடவில்லை. அவருடைய தொப்பி, முழங்கால், நடை, அவர் பிறந்த நேரத்தில் வீசிய காற்று என்று ஒவ்வொன்றாக எடுத்து, உதறி, காயப்போட்டாள். அவர் தட்டுகளைப் பத்திரமாகக் கீழே வைத்தார். மணிக்கட்டில் இருந்த கைப்பட்டையில் பச்சை விளக்கு எரிந்தது. பிறகு கருவாடு வாங்கினார், அறை எடுத்துத் தங்கினார், ஊருக்குப் போய், "என் அம்மாவுக்குப் பிறகு என்னிடம் யாரும் இவ்வளவு அக்கறையாகப் பேசியதில்லை" என்று எழுதி ஐந்து நட்சத்திரமும் போட்டார்.

அந்தப் பச்சை விளக்கைக் கரைக்கணி குறித்துக்கொண்டது.

கரைக்கணி என்பது கரையோர ஊர்களைப் பிழைக்க வைப்பதற்காக வந்திறங்கிய ஒரு கணக்குப் பொறி. அதற்கு உடம்பு கிடையாது. உடம்பு தேவைப்பட்ட இடங்களுக்கெல்லாம் தர்ஷனை அனுப்பியது. தர்ஷன் கோயம்புத்தூர்க்காரன், திட்ட அலுவலர் என்று சட்டையில் எழுதியிருக்கும். திட்டம் தொடங்கிய புதிதில், வலை பின்னும் கொட்டகையில் பாசிப் பெண்களைக் கூட்டி வைத்து விளக்கம் சொன்னான்.

"பாசியும் நம்மளாட்டம் மூச்சு விடுதுங்க. பொடிப்பொடியா குமிழி வரும். நடுப்பாருப் பாறையில நட்டிருக்கோமே கம்பம், அது அந்தக் குமிழிய எண்ணும். குமிழி சாஸ்தியானா பாசி நல்லா வளருதுன்னு அர்த்தம்."

"சுத்துலாவுக்கு வாரவன் விடுற மூச்சையும் கம்பந்தான் எண்ணுமா?" என்று கேட்டாள் லூர்தம்மாள்.

"அவங்களுக்குக் கைப்பட்டைங்க்கா. நெஞ்சுத் துடிப்பு, வேர்வை எல்லாம் பாத்து சந்தோசத்தை அளக்கும். சந்தோசம் ஏறுச்சுன்னா பச்சை விளக்கு. அடிப்பக்கம் கண்ணாடி போட்ட அவங்க படகுக்கு ஓட்டுநரே இல்லீங்க. எந்தப் பக்கம் போனா பச்சை ஏறுதோ, அந்தப் பக்கமாத் தானே திரும்பிக்கும்."

பாசியின் மூச்சையும் பயணியின் சந்தோஷத்தையும் ஒரே தராசில் வைத்து, எது அதிகம் தருகிறதோ அதற்குக் கடலைக் கொடுப்பது. இதுதான் கரைக்கணியின் வேலை. கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது. நியாயமாக இருப்பதைக் கேட்டால் லூர்தம்மாளுக்குச் சந்தேகம் வரும். இந்த முறையும் வந்தது.

சங்குமுனைப் பெண்கள் மாதம் முழுக்கப் பாசி எடுப்பதில்லை. அமாவாசையை ஒட்டிச் சில நாள், பௌர்ணமியை ஒட்டிச் சில நாள். மற்ற நாட்களில் கடலடிப் பாறைத் திட்டான பாரில் யாரும் கை வைக்கக் கூடாது என்பது அவர்களே போட்டுக்கொண்ட கட்டு. கிள்ளிய இடத்தில் பாசி மறுபடி முளைக்க வேண்டுமே. மீறி இறங்கியவளை மற்றவர்கள் ஒரு மாதம் வத்தையில், அந்தச் சின்னப் படகில், ஏற்ற மாட்டார்கள். இந்தச் சும்மா இருக்கும் நாட்களைக் கரைக்கணி பார்த்தது. யோசித்தது. "பயன்பாடற்ற சொத்து" என்று முடிவு செய்தது. பாரிலேயே பாசி செழித்த நடுப்பாரை எடுத்துக் கண்ணாடிப் படகுகளுக்குக் கொடுத்தது. சும்மா இருந்த நாட்களை மட்டுமல்ல, எல்லா நாட்களையும்.

அன்றைக்குக் கொட்டகையில் தர்ஷன் வாங்கிக் கட்டிக்கொண்டதை இங்கே எழுத முடியாது. அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கரைக்கணி அதற்குத் தெரிந்ததை வைத்துத்தான் முடிவெடுக்கும், நானும் எழுதிப் பார்த்துவிட்டேன், பதில் வரவில்லை என்றான். நடுப்பார் இல்லாவிட்டால் மிச்சம் இருப்பது கரையோரத்துச் சொத்தைப் பாறைகள். அதில் கிடைக்கும் பாசியை வைத்து ஒரு வீட்டில் அடுப்பு எரியலாம்; ஊர் அடுப்பெல்லாம் எரியாது.

ஆக, அந்த ஐந்து நட்சத்திரத்துக்குப் பிறகு தர்ஷன் மறுபடி வந்து நின்றபோது, லூர்தம்மாள் அவனை உட்காரச் சொல்லவில்லை.

அவன் நின்றபடியே விஷயத்தைச் சொன்னான். வணக்கம் வாங்கிய பயணிகள் சீக்கிரமே கிளம்பிவிடுகிறார்கள். ஏச்சு வாங்கியவர்கள் தங்குகிறார்கள், தின்கிறார்கள், வாங்குகிறார்கள், அடுத்த முறை மைத்துனனையும் கூட்டி வருகிறார்கள். கரைக்கணி அதைக் கண்டுபிடித்துவிட்டது. இனி கரையில் வசவு நேரம் என்று ஒன்று உண்டு. வைதவளுக்கு, வைத நேரத்துக்கு ஈடாக நடுப்பாரில் பாசி எடுக்க நேரம் கிடைக்கும்.

"எங் கடலுக்குள்ள நான் எறங்க, எவனோ ஒருத்தன நான் வையணும்?"

"ஆமாங்க்கா."

"ஒன்ன வஞ்சா கணக்குல சேருமா?"

"நான் ஊழியனுங்க. சேராதுங்க்கா."

"அப்ப ஒன்ன ஓசியிலதான் வையணும்" என்று சொல்லி, ஓசியிலேயே வைதாள். ஆனால் மறுநாள் கரைக்குப் போனாள். நடுப்பார் வேண்டும். வேறு வழி எதுவும் கண்ணில் படவில்லை.

வசவு நேரம் பிய்த்துக்கொண்டு போனது. கரையில் நிழற்பந்தல் போட்டார்கள். பயணிகள் வரிசையில் நின்றார்கள். புதிதாய்க் கல்யாணமானவர்கள் சேர்ந்து நின்று வாங்கிக்கொண்டார்கள். ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர், முப்பது வருஷமாகத் தன்னை யாரும் எதிர்த்துப் பேசியதே இல்லை, கொஞ்சம் தாராளமாக வையுங்கள் என்று கேட்டு, கேட்டதைவிடத் தாராளமாகவே பெற்றுக்கொண்டு, கண்ணைத் துடைத்தபடி போனார். லூர்தம்மாளின் கைப்பேசிக்குக் கரைக்கணியிடமிருந்து தினமும் குறிப்பு வரும். தொப்பையைச் சொல்வது நன்று. சம்பளத்தைச் சொல்வது வேண்டாம். தாயை இழுக்க வேண்டாம், மாமியாரை இழுக்கலாம். மீன் உவமைகளுக்கு வடக்கிலிருந்து வருபவர்களிடம் நல்ல வரவேற்பு.

அவளுக்கு நடுப்பாரில் நேரம் கிடைத்தது. கூடவே வேறொன்று கைநழுவிப் போனது. அது போனதே கொஞ்ச நாள் கழித்துத்தான் தெரிந்தது.

பாசி எடை போடுகிற ஏஜெண்டு ஒருநாள் தராசில் விரலை வைத்தான். எப்போதும் வைப்பதுதான், லூர்தம்மாள் வாயைத் திறந்தால் எடுத்துவிடுவான். அன்று அவள் திறந்தாள். அவன் விரலை எடுக்காமல் சுற்றி நின்றவர்களைப் பார்த்துச் சிரித்து, "அக்கா, என்கிட்ட கைப்பட்டை இல்ல, வீணா ஏன் தொண்டையக் காயவைக்கிற" என்றான். வீட்டில் புருஷன் இன்னாசி, நனைந்த வலையை அப்படியே உள்ளே போட்டதற்கு அவள் கத்தியபோது, தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, நல்லாத்தான் இருக்கு, ஆனால் காலையில் அந்தத் தாடிக்காரனுக்குப் போட்ட மாதிரி வரவில்லை என்று அபிப்பிராயம் சொன்னான். அன்று இரவு லூர்தம்மாள் சாப்பிடவில்லை. கோபம் இருந்தது. அதை வைக்கத்தான் இடமில்லை.

ஆனாலும் அவள் நிலைமை தேவலை. பக்கத்து வீட்டு எமிலிக்கு வையவே வராது.

எமிலி அந்த ஊரில் பிறந்தது எப்படி என்பது லூர்தம்மாளுக்கு நெடுநாள் ஆச்சரியம். கோழியைத் துரத்தும்போதுகூட "போங்க, போங்க" என்று துரத்துகிறவள். வசவுப் பந்தலில் அவளை நிறுத்தினால், "அண்ணே, நீங்க செய்யிறது கொஞ்சம் சரியில்லண்ணே, தப்பா நெனச்சுக்காதீங்க" என்பாள். பச்சை விளக்கு அணைந்துவிடும். எமிலியின் நடுப்பார் நேரம் குறைந்துகொண்டே வந்து, இல்லாமலே போனது. லூர்தம்மாள் தன்னுடையதில் கொஞ்சம் கொடுக்கிறேன் என்றாள். முடியாதாம். நேரம் முகத்தோடு ஒட்டியது, மாற்றிக் கொடுக்க இயலாது என்று பதில் வந்தது. பழக்கிப் பார்த்தாள். என்னையே வை, உன் மாமனார் என்று நினைத்துக்கொள் என்று எதிரில் உட்கார்ந்தாள். எமிலி வாயைத் திறந்தாள், அழுகைதான் வந்தது. அதைக் கரையில் இருந்த கேமரா வழியே பார்த்த கரைக்கணி, அழுகைக்கும் ஓரளவு வரவேற்பு உண்டு, ஆனால் நீடிக்காது என்று குறிப்பு அனுப்பியது.

எமிலியின் புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பாதவன். மகளின் பள்ளிக்கூடம், அடுப்பு, கூரை எல்லாம் பாசியில்தான் நின்றன. கடைசியில், பௌர்ணமியை ஒட்டிய ஒருநாள் காலையில், லூர்தம்மாள்தான் சொன்னாள். என் நேரத்தில் நீயும் வா. நான் வத்தையில் இருக்கிறேன், நீ முங்கு. தண்ணீருக்கு அடியில் முகம் யாருக்குத் தெரியப்போகிறது?

எமிலி தயங்கவில்லை. காலில் தட்டைக் கட்டி, இடுப்பில் வலைப்பையைச் செருகி, நீச்சல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இறங்கினாள். தரையில் வாயில்லாத அந்தப் பெண், தண்ணீருக்குள் போனால் வேறு ஆள். மற்றவர்கள் இரண்டு முறை மேலே வந்து போகிற நேரத்துக்கு, அவள் அடியிலேயே இருந்து மரிக்கொழுந்துப் பாசியைக் கொத்துக் கொத்தாகக் கிள்ளுவாள். லூர்தம்மாள் வத்தையில் உட்கார்ந்து, அவளுடைய நிழல் பாறைக்குப் பாறை நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் கண்ணாடிப் படகு வந்தது. பாரின் மறுபக்கம் போக வேண்டியது. ஆனால் அதில் ஏறியவர்களில் யாரோ வத்தையில் இருப்பவளை அடையாளம் கண்டு கையைக் காட்டியிருக்க வேண்டும். இரண்டு மூன்று பச்சை விளக்குகள் எரிந்தன. படகு மூக்கைத் திருப்பியது.

லூர்தம்மாள் எழுந்து நின்றாள். வத்தை ஆடியது.

"ஏலே, அங்கிட்டுப் போங்கடா! கீழ ஆளு இருக்கு! கண்ணு இருக்கா, இல்ல அதையும் வாடகைக்கு விட்டுட்டீங்களா? நிறுத்துங்கலே, கட்டையில போறவங்களா!"

படகில் இருந்தவர்கள் ஆரவாரித்தார்கள். பந்தலில் வரிசை நின்று வாங்க வேண்டியது, நடுக்கடலில் தானாக வந்து கிடைக்கிறது. விளக்குகள் வரிசையாகப் பச்சை ஆயின. படகு வேகம் எடுத்தது.

அவள் இன்னும் கத்தினாள். தெரிந்ததையெல்லாம் கத்தினாள். தெரியாததையும் அந்த இடத்திலேயே உண்டாக்கிக் கத்தினாள். துடுப்பை எடுத்து ஓங்கினாள். ஒரு பெண்மணி சிரித்துச் சிரித்து மூச்சுத் திணறினாள். ஒருவர் எல்லாரையும் ஓரமாக ஒதுங்கச் சொல்லிப் படம் பிடித்தார். ஒவ்வொரு வசவுக்கும் படகு ஒரு முழம் கிட்டே வந்தது. படகுக்கும் வத்தைக்கும் நடுவில், தண்ணீருக்கு அடியில், எமிலியின் நிழல் ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றது. அவளுக்கு மூச்சு முடிகிற நேரம். எந்தக் கணமும் மேலே வருவாள்.

லூர்தம்மாளின் வாய் பாதியில் நின்றது. அவள் பச்சை விளக்குகளைப் பார்த்தாள். படகின் மூக்கைப் பார்த்தாள்.

துடுப்பைக் கீழே வைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டாள். பிறகு, வாழ்க்கையில் அதற்கு முன் ஒருவரிடமும் பேசியிராத ஒரு குரலில் பேசினாள்.

"வாங்க. எல்லாரும் நல்லா இருக்கீங்களா? பயணமெல்லாம் சௌகரியமா இருந்துச்சா? எங்க ஊரு வெயிலு கொஞ்சம் அதிகம், மனசுல வச்சுக்கிடாதீங்க. காலையில சாப்பிட்டீங்களா?"

படகில் சிரிப்பு நின்றது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எங்க ஊருல பழைய மாதா கோயிலு ஒண்ணு இருக்கு, பாத்துட்டுப் போங்க. மீனு சாப்பிட்டா ஒடம்புக்கு ரொம்ப நல்லது. பிள்ளைகளுக்கு மூளை வளரும்னு சொல்லுவாங்க."

ஒரு விளக்கு அணைந்தது. இன்னொன்று அணைந்தது. படம் பிடித்தவர் கைப்பேசியைப் பைக்குள் போட்டார். யாரோ கொட்டாவி விட்டார்கள். படகு ஒரு கணம் நின்று, என்ன செய்வது என்று தெரியாத மாதிரித் தத்தளித்து, சலிப்போடு பின்பக்கத்தைத் திருப்பியது. அந்தத் திருப்பத்தில் அதன் அடியில் சுழலும் விசிறி எதிலோ பட்டு 'டங்' என்றது.

எமிலி மேலே வந்தாள். லூர்தம்மாள் அக்குளில் கையைக் கொடுத்து அவளை வத்தைக்குள் இழுத்தாள். ஒரு காலில் தட்டு முழுதாக இருந்தது. இன்னொரு காலில் பாதித் தட்டு இருந்தது. கால் இருந்தது, குதிகாலில் எலும்பு தெரிகிற அளவுக்கு ஒரு வெட்டு. எமிலி அதைப் பார்த்துவிட்டு, "மன்னிச்சுக்கிடுங்கக்கா, தட்டு ஒடைஞ்சு போச்சு" என்றாள்.

மூன்றாம் நாள் தர்ஷன் வந்தான். லூர்தம்மாள் நடந்ததைச் சொன்னாள். அவன் கைக்கணினியில் தேடினான். எமிலி என்று ஒருத்தி அங்கே இருந்ததற்கான தகவல் எதுவும் இல்லை. தண்ணீருக்கு அடியில் முகம் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. படகு எதிலோ இடித்த தகவல் இருந்தது: "பாறை." கூடவே லூர்தம்மாளுக்கு ஓர் எச்சரிக்கையும் இருந்தது. தர்ஷன் அதை வாய்விட்டுப் படிக்க விரும்பவில்லை. அவள் படிக்கச் சொன்னாள்.

"இதுவரை எட்டாத மகிழ்ச்சி அளவை எட்டிய பின், காரணமின்றி மந்தமான உரையாடலில் இறங்கினார். அவரது நேரம் பாதியாகக் குறைக்கப்படுகிறது."

படித்துவிட்டு அவன் தலையைக் குனிந்து நின்றான். வரப்போவதற்குத் தயாராகத் தோள்கள் இறுகின. ஒன்றும் வரவில்லை. அவன் நிமிர்ந்து பார்த்தபோது லூர்தம்மாள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"உக்காருங்க தம்பி. நின்னுக்கிட்டே இருக்கீங்களே. டீ சாப்பிடுறீங்களா?"

தர்ஷன் ஓர் எட்டுப் பின்னால் போனான். அந்த ஊரில் இத்தனை மாதத்தில் எமிலியைத் தவிர அவனை யாரும் நீங்க என்று சொன்னதில்லை.

மறுநாளிலிருந்து சங்குமுனை முழுக்க மரியாதை பரவியது. எந்தக் கூட்டமும் போடவில்லை; லூர்தம்மாள் வீடு வீடாகப் போய்ச் சொன்னதோடு சரி. பந்தலில் பெண்கள் கைகூப்பி வரவேற்றார்கள். வெயிலைப் பற்றியும் மாதா கோயிலைப் பற்றியும் பேசினார்கள். வசவு வாங்குவதற்காகவே பணம் கட்டி வந்த ஒருவர், சும்மா ஒரு வார்த்தை, எருமை என்றாவது சொல்லுங்கள் என்று கெஞ்சினார். ஐயோ சார், உங்களைப் போயா, நீங்கள் எவ்வளவு படித்தவர் என்றார்கள். கருவாட்டுக் கடைக்காரன் நன்றி சொன்னான். கரைக்கணி தினமும் குறிப்பு அனுப்பியது. பிறகு கெஞ்சுவது போல அனுப்பியது. நேரத்தை முழுக்கப் பறித்தது. சங்குமுனை சொத்தைப் பாறைகளில் பொறுக்கியும் இன்னாசி போன்றவர்களின் வலையை நம்பியும் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தது. எமிலி வீட்டு அடுப்பு பக்கத்து வீடுகள் கொடுத்ததில் எரிந்தது.

பல்லைக் கடிப்பது லேசாக இல்லை. கரையெங்கும் கேமராக்கள், அவற்றுக்குக் காதும் உண்டு. வீட்டுக்குள் ஒரு வசவு விழுந்தாலும் கரைக்கணி அதைப் பிடித்துக்கொண்டு, தெருவில் எந்தப் பயணிக்குப் பச்சை எரிகிறது என்று தேடும். எடையில் விரல் வைத்த ஏஜெண்டிடம் லூர்தம்மாள், "விரல் நோகப்போகுது தம்பி, எடுத்துக்கிடுங்க" என்று சொல்ல வேண்டியிருந்தது. என்ன ஆச்சரியமோ, அவன் பயந்து எடுத்தான்.

அடுத்த மழைக்கு முன்பே கண்ணாடிப் படகுகள் காலியாக ஓடத் தொடங்கின. தராசில் பயணியின் சந்தோஷம் இறங்கியது. பாசியின் மூச்சு ஒன்றுதான் மிச்சம். கரைக்கணி யோசித்தது. நடுப்பாரைப் பாசிக்கே திருப்பிக் கொடுத்தது.

அமாவாசை வந்தது. பெண்கள் வத்தைகளில் போய் நடுப்பாரில் இறங்கினார்கள். குதிகாலில் தையல் தழும்போடு எமிலியும் இறங்கினாள், புதுத் தட்டுகளுடன்.

அடுத்த அமாவாசைக்குள் தர்ஷனுக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. நடுப்பாரின் குமிழிக் கணக்கு ஏறிக்கொண்டே போகிறது. அதுவும் பெண்கள் பாசியைப் பிடுங்குகிற நாட்களில்தான் அதிகம். பிடுங்கப் பிடுங்கப் பாசி இப்படி மூச்சு விடுமா? பார்த்துவிட்டு வா என்று கரைக்கணி அவனை அனுப்பியது. அவன் ஒரு கண்ணாடிப் படகில், தன்னந்தனியாக, கைப்பட்டையைக் கட்டிக்கொண்டு வந்தான்.

லூர்தம்மாள் அப்போது அடியில் இருந்தாள். கம்பத்துக்குப் பக்கத்துப் பாறையை இடக்கையால் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, ஏஜெண்டை அவனுடைய விரலிலிருந்து தொடங்கி வைதுகொண்டிருந்தாள். முழுக் குரலில். குமிழிகள் கொத்தாகக் கிளம்பி, குமிழி எண்ணுகிற கம்பத்தை உரசிக்கொண்டு மேலே போயின. சுற்றிலும் ஒவ்வொரு பாறையிலும் ஒருத்தி. கேமராவுக்குக் காது எட்டாத இடம் அந்த ஊரில் இது ஒன்றுதான். எமிலி இருந்த பக்கம் குமிழி திரையாகவே எழும்பியது. யாரை என்ன சொல்கிறாள் என்று லூர்தம்மாளுக்குத் தெரியாது. அவளுடைய கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

மேலே நிழல் தட்டியது. லூர்தம்மாள் அண்ணாந்து பார்த்தாள். படகின் அடிக்கண்ணாடிக்கு அப்பால் தர்ஷனின் முகம், குப்புறப் படுத்து, வாய் பிளந்து தெரிந்தது.

அவனுக்கு அவள் பாக்கி வைத்திருந்தது நிறைய. மூச்சு இருக்கிறவரை கொடுத்தாள். அவன் கொட்டகையில் சொன்ன ஒவ்வொரு சொல்லுக்கும், அந்தக் கம்பத்துக்கும், பாதித் தட்டுக்கும், பாறை என்று எழுதப்பட்ட குதிகாலுக்கும். குமிழிகள் கண்ணாடியில் மோதி அவன் முகத்தின் மேல் பரவின.

அவன் மணிக்கட்டில் பச்சை எரிந்தது. படகு அவளை நோக்கி மெல்ல நகர்ந்தது.

தர்ஷன் விளக்கைப் பார்த்தான். அவசரமாகக் கைப்பட்டையை அவிழ்த்து, அடியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டான். படகு நின்றது.

லூர்தம்மாள் தட்டை உதைத்து மேலே வந்தாள். கண்ணாடியைக் கழற்றி, முகத்து நீரை வழித்துவிட்டு, படகின் விளிம்பில் கேமரா இருந்த திக்கைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"வாங்க தம்பி. நல்லா இருக்கீங்களா?"

தர்ஷன் கைக்கணினியில் "பாசி வளர்ச்சி: மிகச் சிறப்பு" என்று பதிந்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, அசையாமல் உட்கார்ந்தபடியே சொன்னான்.

"நல்லாக் கேட்டுச்சுங்க்கா."